எங்கே எடுத்தாய்?
அரிக்கமேட்டு ஓடுகள் சொல்லும் கதை



சென்ற ஆடி மாதம் கொல்லிமலையில் ஒரு சிற்றூருக்கு வீடு சந்திக்கப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். சூடாகக் காப்பி வந்தது. பெரியவரின் பேரன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், உள்ளே ஓடிப்போய் ஒரு கல்லைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். கறுப்புக் கல். ஒரு முனை ஒடுங்கி, மறுமுனை அகன்று, விளிம்பு கத்தி போலத் தீட்டப்பட்டு, கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு வழவழப்பாக இருந்தது.

"சாமி, இது என்ன கல்லு?" என்றான்.

அது புதிய கற்காலத்துக் கைக்கோடரி. இரும்பை அறியாத நாளில் நம் முன்னோர் மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் செய்துகொண்ட கருவி. சேலம், நாமக்கல் பகுதி மலைகளில் இப்படிப்பட்ட கற்களை மரத்தடிக் கோயில்களில் வைத்து வணங்குவதும் உண்டு. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிவிட்டு, "எங்கே எடுத்தாய்?" என்று கேட்டேன். பையன் தாத்தாவைப் பார்த்தான்.

தாத்தா சொன்னார்: "எங்க காட்டுலயோ பங்காளி காட்டுலயோ, தெரியலீங்க சாமி. ரொம்ப வருசமாப் பொடக்காணியில கெடந்துச்சு. இன்னும் நாலஞ்சு இருந்துச்சுங்க. மலை பாக்க வந்தவங்க கேட்டாங்க, குடுத்துட்டோம்."

அவர் மேல் குற்றமில்லை. கேட்டவருக்குக் கொடுப்பது நம் மலை மக்களின் குணம். ஆனாலும் 'எங்கே எடுத்தாய்?' என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போனது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாததால் பாதி ஊமையாகிப்போன ஒரு பழைய ஊர் நம் கடற்கரையில் இருக்கிறது. அதே கேள்விக்குச் சரியான விடை கிடைத்ததால் அந்த ஊரின் மறுபாதி பேசத் தொடங்கி, தென்னிந்திய வரலாற்றுக்கே நாள் குறித்துக் கொடுத்தது. அந்த ஊரின் பெயர் அரிக்கமேடு. அதன் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தெற்கே நான்கு கிலோமீட்டர் போனால் அரியாங்குப்பம் ஆறு. செஞ்சி ஆறு என்றும் சங்கராபரணி என்றும் நாம் சொல்லும் ஆற்றின் ஒரு கிளை அது. கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஆறு வளைகிறது. அந்த வளைவின் கரையில், காக்காயன்தோப்பு என்ற ஊரை ஒட்டி, தென்னையும் மாவும் நிற்கும் ஒரு மேடு. சற்றுத் தள்ளிக் கடலோரத்தில் மீனவர் ஊரான வீராம்பட்டினம். அருகன் சிலை இருந்ததால் அருகன்மேடு, அது அரிக்கமேடு ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். ஆறு அரித்துக்கொண்டே இருப்பதால் அரிக்கும் மேடு என்பாரும் உண்டு. பெயருக்கு எது காரணமானாலும், ஆறு அந்த மேட்டை அரித்தது உண்மை. மழைக்காலத்துக்குப் பிறகு கரை சரிந்த இடத்தில் வண்ண வண்ணப் பாசிமணிகள் மின்னும். ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவார்கள்.

இனி, அந்த மேட்டின் பழங்காலத்துக்குப் போவோம். ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் கிரேக்கம் பேசும் வணிகர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வரும் கப்பல்காரர்களுக்காக அவர் ஒரு சிறு கையேடு எழுதி வைத்தார். எந்தத் துறையில் என்ன விற்கும், என்ன வாங்கலாம், எந்த மாதம் பாய் விரிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்று அந்த நூலைச் சொல்கிறார்கள். புனித பவுல் கொரிந்தியருக்கும் பிலிப்பியருக்கும் மடல் எழுதிய அதே பொதுமக்கள் வழக்குக் கிரேக்கத்தில் எழுதப்பட்ட நூல் அது. காலமும் ஏறக்குறைய அதே காலம்தான். பவுல் அடிகளார் ஆசியாவிலும் மாசிதோனியாவிலும் கப்பல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அதே மொழி பேசிய மாலுமிகள் நம் கரையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம் முன்னோர் அவர்களை யவனர் என்று அழைத்தார்கள். எபேசு நகரம் இருந்த கடற்கரைப் பகுதிக்கு இயோனியா என்று பெயர். அந்த இயோனியாவிலிருந்து வந்த சொல்தான் யவனர் என்பது. முதலில் கிரேக்கரைக் குறித்து, பிறகு உரோமைப் பேரரசிலிருந்து வந்த எல்லாரையும் குறித்தது. யவனரின் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

அந்தக் கிரேக்கக் கையேடு தமிழகத்தின் கிழக்குக் கரையில் மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. கமரா, பொதுகே, சோபட்மா. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய தாலமி என்ற கிரேக்க நிலவியல் அறிஞரும் பொதுகே என்ற வணிகத்துறையைக் குறிப்பிடுகிறார். ஆக, கிரேக்க நூல்களில் பொதுகே என்ற பெயர் இருந்தது. ஆனால் அந்த ஊர் எங்கே இருந்தது? பெயர் ஏட்டில் இருந்தது. ஊர் மண்ணுக்குள் போய்விட்டது. இரண்டையும் இணைத்துச் சொல்ல ஆளில்லாமல் பல நூற்றாண்டுகள் கழிந்தன.

இது எங்கோ கடற்கரையில் நடந்த கதை, மலைமேல் இருக்கும் நமக்கு என்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம் மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நாமக்கல்லைத் தாண்டித் தெற்கே போனால் காவிரிக்கு அக்கரையில் கரூர். அந்தக் கரூரை ஒட்டி ஓடும் அமராவதி ஆற்றின் மணலில் உரோமைக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அகுஸ்து, திபேரியு என்ற இரு பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் அவற்றில் மிகுதி. வரி கட்டும் நாணயத்தைக் காட்டுங்கள் என்று ஆண்டவர் இயேசு கேட்டபோது அவரிடம் கொண்டுவந்த தெனாரியம், திபேரியுவின் காசாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதே அரசனின் முகம் பதித்த அதே வகைக் காசு கரூர் ஆற்று மணலில்! வல்வில் ஓரியின் பெயரால் செம்மேட்டில் சிலை வைத்து ஆடி மாதத்தில் விழா எடுக்கிறோமே, அந்த ஓரியைப் பாடிய சங்க காலமும் இந்த வாணிகக் காலமும் ஒன்றையொன்று ஒட்டியவைதான். நம் முன்னோர் இந்த உலகத்துக்கு வெளியே இருந்தவர்கள் அல்லர்.

சரி, மீண்டும் அந்த மேட்டுக்கு வருவோம்.

1734ஆம் ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வீராம்பட்டினத்துப் பக்கம் ஊர்மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று அதிகாரிகள் தங்கள் கம்பெனிக்கு எழுதினார்கள். அந்த மேட்டைப் பற்றிய முதல் செய்தி அதுதான். அதாவது, ஊரைக் கண்டுபிடித்த செய்தியும் ஊரை எடுத்துக்கொண்டுபோன செய்தியும் ஒரே கடிதத்தில் வருகின்றன. நல்ல பெரிய செங்கல் சும்மா கிடைக்கிறது. வீட்டுச் சுவருக்கு ஆகும், கிணற்றுக்கு ஆகும். யார்தான் விடுவார்கள்?

அடுத்து வந்தவர் லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். இவர் கதை கண்ணீரும் புன்னகையும் கலந்தது. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வெள்ளிக்கோள் கடந்துபோவது மிக அரிதான காட்சி. அதைப் பார்த்து அளவெடுக்க 1760இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். 1761இல் வெள்ளி கடந்த நாளில் அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்த முறை 1769இல். அதற்காக ஊர் திரும்பாமல் காத்திருந்து, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, ஆய்வுக்கூடம் அமைத்து, தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் நம் முறையையும் கற்றுக்கொண்டு, ஆயத்தமாக இருந்தார். குறித்த நாள் காலையில் மேகம் வந்து சூரியனை மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு விலகியது. அவர் 1771இல் பிரான்சுக்குத் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று எண்ணி உறவினர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வானத்தில் பார்க்க வந்ததைப் பார்க்க முடியாத அந்த மனிதர், மண்ணில் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனார். ஆற்றங்கரையில் வெளியே தெரிந்த பெரிய செங்கற்களையும், மக்கள் அவற்றை எடுத்துப்போவதையும் கண்டார். இது என்ன என்று கேட்டார். பழைய அரசன் ஒருவனின் கோட்டை என்று ஊரார் சொன்னார்கள். அதை அவர் எழுதி வைத்தார். கேட்டதும் எழுதி வைத்ததும்தான் அவர் செய்தது. அதனால்தான் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறோம்.

இதே காலத்தில் நம் திருச்சபையின் வரலாறும் அந்த மேட்டில் வந்து கலக்கிறது. ஆசிய நாட்டு இளைஞர்களைக் குருக்களாக உருவாக்குவதற்காகப் பாரிசு அந்நிய மறைப்பணிச் சபையார் 1665இல் சயாம் நாட்டின் அயுத்தியா நகரில் ஒரு குருமடம் தொடங்கினார்கள். போர் வந்தது. குருமடம் இடம் பெயர்ந்தது. அங்கும் தாக்குதல். மீண்டும் இடம் பெயர்ந்து, 1770இல் புதுச்சேரிக்கு வந்து, வீராம்பட்டினத்துப் பக்கம் இந்த மேட்டில் தஞ்சம் புகுந்தது. அதை நடத்தியவர் பிஞ்ஞோ தெ பெகேன் என்ற இளங்குரு. பின்னாளில் ஆயராக மயிலாப்பூர் சாந்தோமில் 1774இல் திருநிலைப்படுத்தப்பட்டு, வியட்நாம் வரலாற்றில் பெரிய பெயர் பெற்றவர். வியட்நாமிய மொழிக்கும் இலத்தீனுக்கும் அவர் தொகுத்த அகராதி 1773இல், அவர் புதுச்சேரியில் இருந்தபோதுதான் உருவானது. 1780களின் தொடக்கத்தில் அந்தக் குருமடம் மூடப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? இன்று நீங்கள் அரிக்கமேட்டுக்குப் போனால், மரங்களுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கும். பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, இதுதான் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய உரோமைக் கட்டடம் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது உரோமையர் கட்டியதன்று. அந்தக் குருமடத்தின் மிச்சம். பழைய துறைமுகம் கால்களுக்குக் கீழே மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டிப் பார்த்த குழிகளை மீண்டும் மூடிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஓர் இடத்தின் வரலாற்றை முடிவு செய்தால் எவ்வளவு தவறிப்போகிறோம், பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் புதுச்சேரியில் வாழ்ந்தார். அந்த மேட்டில் பிள்ளைகள் பொறுக்கிய மணிகளை விலை கொடுத்து வாங்கினார், தாமும் பொறுக்கினார். 1937இல் அவருக்கு ஒரு சிறிய மணிக்கல் கிடைத்தது. அதில் ஒரு மனிதத் தலை செதுக்கப்பட்டிருந்தது. காசுகளைப் பற்றி நன்கு அறிந்தவர் அவர். பார்த்தவுடன், இது அகுஸ்து சீசரின் முகம் என்றார். ஆம், லூக்கா நற்செய்தியின்படி மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்ட அதே அகுஸ்து. இது உண்மையான உரோமை நகரம் என்று ஆளுநருக்கு அறிவித்தார்.

இங்கேதான் நம் பழைய கேள்வி வருகிறது. அந்த மணிக்கல் எங்கே கிடைத்தது? மேட்டில், சரி. மேட்டில் எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்த ஓட்டோடு, எந்தச் சுவரை ஒட்டி? அதற்கு விடை இல்லை. மணிக்கல் அழகானது, அரியது. ஆனால் தன்னைப் பற்றி மட்டுமே அது பேச முடியும். தான் கிடந்த ஊரைப் பற்றி அதனால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

1940களின் தொடக்கத்தில் ஃபோஷே என்ற மறைப்பணியாளர் சுர்லோ என்பவரோடு சேர்ந்து அங்கே தோண்டினார். இருவரும் தொல்லியல் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆர்வம் இருந்தது, உழைப்பு இருந்தது. கிடைத்ததில் சில பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. சில வியட்நாமின் ஹனோய் நகரத்துக்குக் கப்பலேறின. அவர்கள் கவனம் காட்டியிராவிட்டால் அந்த மேடு முழுவதும் செங்கல்லாகவே போயிருக்கும். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற கணக்கை அவர்களால் வைக்க முடியவில்லை. ஒரு குருவாக இதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். நல்லெண்ணம் மட்டும் போதவில்லை.

1944இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்த ஆண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டபோது, ஓர் அலமாரிக்குள் நீண்ட கழுத்தும் கைப்பிடியும் கொண்ட ஒரு சாடியின் உடைந்த பகுதியைக் கண்டார். இத்தாலியிலும் கிரேக்கத்திலும் மது ஊற்றி அனுப்பும் இரட்டைக் கைப்பிடிச் சாடி அது, ஆம்போரா என்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டார். புதுச்சேரி என்றார்கள். நேராகப் புதுச்சேரிக்குப் போனார். அங்கே பொது நூலகத்தில், தூசி படிந்த கண்ணாடிப் பேழைகளுக்குள், அதே சாடிகளின் துண்டுகளும், பளபளக்கும் சிவப்புத் தட்டுகளின் உடைசல்களும் கிடந்தன. அந்தச் சிவப்புத் தட்டு இத்தாலியில் அரெத்சோ என்ற ஊரில் செய்யப்படுவது. செய்த பட்டறையின் பெயரை அடியில் முத்திரை குத்தியிருப்பார்கள். எந்தப் பட்டறை எந்த ஆண்டுகளில் இயங்கியது என்பது ஐரோப்பாவில் நன்றாகத் தெரியும்.

வீலருக்கு உடனே புரிந்தது. அதுவரை தென்னிந்தியாவில் கிடைத்த பழைய பானைக்கும் ஈமக்குழிக்கும் தேதி சொல்ல வழியில்லை. ஆயிரம் ஆண்டு முன்னே பின்னே எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற நிலை. தேதி தெரிந்த இத்தாலியத் தட்டு, தேதி தெரியாத தமிழ்ப் பானையோடு ஒரே மண் அடுக்கில் கிடந்தால், பானையின் காலமும் தெரிந்துவிடுமல்லவா? நம் வீட்டில் பெரியவர்கள், புயல் அடித்த வருசம் நீ பிறந்தாய் என்று சொல்கிறார்களே, அதே கணக்குதான்.

1945இல் அவர் தோண்டினார். அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கையும் சீட்டு எழுதிக் குறித்து, மெதுவாக. கடல் மட்டத்துக்கும் கீழே போனதால் குழிக்குள் நீர் ஊறியது, இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். 45 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டடம் வெளிப்பட்டது. சரக்குக் கிடங்கு என்றார் வீலர். சுவர் சூழ்ந்த முற்றங்களும், தொட்டிகளும், வாய்க்கால்களும் கிடைத்தன. விபி, கமுரி, இட்டா என்று முத்திரை குத்திய சிவப்புத் தட்டுகள், தாங்கள் கிடந்த அடுக்கோடு கிடைத்தன. அவை நம் கரைக்கு வந்தது கி.பி. முதல் நூற்றாண்டின் முதற்பாதி என்று வீலர் கணித்தார். அதே அடுக்கில், உட்புறம் பல்சக்கரம் ஓட்டியதுபோல் கோலமிட்ட நம் நாட்டுத் தட்டுகள். அவற்றின் காலம் தெரிந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் கர்நாடகத்தில் பிரம்மகிரியில் தோண்டியபோது அரிக்கமேட்டையே அளவுகோலாக வைத்து, பெருங்கற்காலக் கல்லறைகளுக்குக் காலம் சொன்னார். ஓர் உடைந்த தட்டு எந்த அடுக்கில் கிடந்தது என்று சரியாகக் குறித்து வைத்ததன் பயன் இது.

இதே வழியில்தான் புனித பவுலின் வாழ்வுக்கும் ஒரு தேதி கிடைத்தது. கொரிந்து நகரில் யூதர்கள் பவுலை ஆட்சியாளர் கல்லியோவின் முன் நிறுத்தினார்கள் என்று திருத்தூதர் பணிகள் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. எந்த ஆண்டு? விவிலியத்தில் இல்லை. கிரேக்க நாட்டில் டெல்பி என்ற பழைய நகரம். அதன் இடிபாடுகளின் மேலேயே கஸ்திரி என்ற கிராமம் வீடு கட்டிக் குடியிருந்தது. பழைய கற்களே அவர்கள் சுவர்களில் இருந்தன. 1892இல் அகழாய்வு தொடங்கியபோது ஊரையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத் தோண்டினார்கள். அங்கே உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. 1905இல் அவை வெளியிடப்பட்டன. பேரரசர் கிளவுதியுவின் கடிதம் அது. அதில் கல்லியோவின் பெயர் இருந்தது. காலம் ஏறத்தாழ கி.பி. 52. அதைக் கொண்டுதான் பவுல் கொரிந்தில் இருந்தது கி.பி. 51, 52 வாக்கில் என்று இன்று சொல்கிறோம். அவர் வாழ்வின் மற்ற ஆண்டுகளையெல்லாம் இதிலிருந்துதான் முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். அந்தத் துண்டுகளை யாராவது வீட்டுப் படிக்கல்லாகப் பதித்து மறந்திருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

அரிக்கமேட்டுக் கதை வீலரோடு முடியவில்லை. 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. இராமனோடு சேர்ந்து ஆய்வு செய்தார். வீலரின் கணக்கையே அவர்கள் திருத்தினார்கள். யவனர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. கி.மு. காலத்திலேயே கடல் வாணிகம் நடந்தது. உரோமை வாணிகம் குறைந்த பிறகும் மக்கள் அங்கே வந்து வாழ்ந்தார்கள். சோழர் காலத்துத் தடயங்களும் சீனப் பீங்கானும் கிடைத்தன. வீலர் அடுக்குகளை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததால்தான் அவர் கணிப்பைப் பின்வந்தவர்கள் சரிபார்க்கவும் திருத்தவும் முடிந்தது. குறிப்பில்லாமல் எடுத்ததை யாரும் திருத்தக்கூட முடியாது.

அப்படியானால் அது யாருடைய ஊர்? உரோமை நகரம் என்றார் ஒருவர். யவனர் குடியிருப்பு என்று பலர் எழுதினார்கள். ஆனால் அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. தன் பானை மாறிப்போகாமலிருக்கப் பெயர் கீறி வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி, மணியாக்கும் நுட்பத்தில் அங்கே தொழிலாளர்கள் தேர்ந்திருந்தார்கள். அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. அதே முறையில் மணி செய்யும் தொழில் ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்திருக்கிறது. யவனர் வந்தார்கள், மதுச் சாடிகளை இறக்கினார்கள், சரக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சாடிகளில் பல, கிரேக்கத் தீவான கோஸ் என்ற இடத்து வகையைச் சேர்ந்தவை. திருத்தூதர் பணிகள் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் பவுலின் கப்பல் தொட்டுச் செல்லும் கோசுத் தீவு அதுவே. அவர்கள் விருந்தாளிகள். ஊர் நம் ஊர். மணி கோத்த கைகள் நம் கைகள். இதைச் சொல்வது மகுடம் சூட்டிய அரசனின் மணிக்கல் அன்று. பெயர் கீறிய சாதாரணப் பானை ஓடுதான் சொல்கிறது.

பொதுகே என்ற கிரேக்கப் பெயரும் இந்த மேடும் ஒன்றுதான் என்று இன்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். புதுச்சேரி என்ற பெயரிலும் அந்த ஒலி கேட்கிறதல்லவா? அங்கு கிடைத்த பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம் மலையிலிருந்து ஒரு பகல் பயணம். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். சுவர் முன்னால் நின்று படம் எடுக்கும்போது, அது குருமடத்துச் சுவர் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி, அந்தப் பையனிடம் வருகிறேன். போன மாதம் மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். தாத்தாவும் பேரனும் நானுமாகக் காட்டுக்கு நடந்தோம். பெரியவர் மேட்டுப் பக்கம் காட்டி, "இங்க உழுறப்ப இந்த மாதிரிக் கல்லு தட்டுப்படுமுங்க" என்றார். பையன் நோட்டுப் புத்தகத்தில் காட்டின் பெயரையும், பக்கத்து ஓடையையும், நாளையும் எழுதிக்கொண்டான். அந்தக் கறுப்புக் கல் எங்கே கிடைத்தது என்பது இனி தெரியப்போவதில்லை. அடுத்த கல்லுக்குத் தெரியும்.

அன்பானவர்களே, மிளகுக்கொடிக்குக் குழி எடுக்கும்போதும், ஏர் ஓட்டும்போதும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் வழவழப்பான கல்லோ, கறுப்பும் சிவப்புமான பானை ஓடோ, மணியோ, காசோ தட்டுப்பட்டால் மேலும் தோண்ட வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ சொல்லுங்கள். பங்கு இல்லத்துக்கு வந்து சொன்னாலும் உரியவர்களிடம் சேர்ப்போம். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மலை பார்க்க வருகிறவர் அன்பாகக் கேட்டால் பலாப்பழம் கொடுங்கள், அன்னாசி கொடுங்கள், தேன் கொடுங்கள். கல்லைக் கொடுக்காதீர்கள். அது உங்கள் ஒருவருடையது அன்று. இந்த மலையில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உரியது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பொடக்காணியில் அப்படி ஒன்று ஏற்கெனவே கிடந்தால், வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே எடுத்தது என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அவருக்கு நினைவிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.